23 வருசம் பூட்டிக் கெடந்த பாம்பே ஆப்பரா ஹவுஸையே திறந்துட்டாவ, நம்ம திருநெல்வேலி டவுண் நாடகக் கொட்டகைக்கு எப்ப விடிவு?

தாராவி ரிட்டர்ன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடந்து உருளுத விசயம், இன்னைக்கு கொட்டிருதேன், நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

நான் 1996ல பாம்பே போனவன். தாராவியில மாமா வீட்டுல தங்கிக்கிட்டு சார்னி ரோடு பக்கம் ஒரு வைர ஆபீஸ்ல மொதல்ல எடுபிடி, அப்புறம் கணக்கு. ஆபீஸுக்குப் போற வழியிலதான் ராயல் ஆப்பரா ஹவுஸ். அந்த ஏரியாவுக்கே ஆப்பரா ஹவுஸ்னுதான் பேரு, பஸ் கண்டக்டரும் அதைச் சொல்லித்தான் எறக்கி விடுவான், ஆனா பேரு குடுத்த கட்டடம் மட்டும் பூட்டிக் கெடந்துச்சு. செவத்துல அரசஞ்செடி மொளைச்சு வேரு உள்ள எறங்கி நிக்கும், மழைக்காலத்துல பாக்கவே வயித்தைப் பெசையும். இதுல என்னடா நாடகம் நடந்திருக்கும்னு நெனைச்சுக்கிட்டே இருவது வருசம் தாண்டிப் போயிருக்கேன்.

கதை பெருசு. கல்கத்தாவுல நாடகக் கம்பெனி நடத்துன பேண்ட்மேன்னு ஒரு வெள்ளைக்காரரும் கராக்கானு ஒரு பார்சிக்காரரும் சேந்து 1908ல யோசிச்ச தியேட்டர் அது. 1911ல அஞ்சாம் ஜார்ஜ் வந்து திறந்து வச்சாரு, அப்ப கட்டட வேலையே முடியல, பெறவுதான் முடிச்சாவ. மராத்தி நாடகத்துல பேரெடுத்த பால கந்தர்வா, மாஸ்டர் தீனாநாத் மங்கேஷ்கர் எல்லாம் பாடி நடிச்ச மேடை. அப்புறம் சினிமா வந்துச்சு, கொட்டகை பயாஸ்கோப்பா மாறுச்சு, இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூர் தன்னோட நாடகங்களை அங்க போட்டாரு. 1952ல கோண்டல் மகாராஜா வாங்குனாரு. கூட்டம் கொறைஞ்சு கொறைஞ்சு 1993ல கதவை அடைச்சாச்சு. உலக அளவுல அழியப் போற கட்டடங்கள்னு ஒரு பட்டியல் போடுவாவள்லா, 2012ல அதுல இதுவும் வந்துச்சு. ராஜா குடும்பம் விக்காம வச்சிருந்து ஆபா நாராயண் லாம்பானு பழைய கட்டடம் சீர் பண்ணுத ஆர்க்கிடெக்ட் அம்மாகிட்ட ஒப்படைச்சாவ. 2016 அக்டோபர்ல திறந்தாச்சு. திறந்தன்னைக்கு பாடுனது பாம்பேல பொறந்து இங்கிலாந்துல பேரெடுத்த ஆப்பரா பாட்டுக்காரி பாட்ரிசியா ரொசாரியோ. மறு வருசம் யுனெஸ்கோ விருதும் கெடைச்சுது.

2018ல ஒரு மராத்தி நாடகம் பாக்கப் போனேன். இருக்கதுலயே கொறைஞ்ச டிக்கெட், உச்சி கேலரி. மொத்தமே 575 சீட்டுதான். மேல பாத்தா குவிமாடம் முழுக்க சித்திர வேலை, பாம்பேல பெரிய வியாபாரிகளா இருந்த சசூன் குடும்பத்து மாளிகையில இருந்து வந்த சரவிளக்கு தொங்குது. அதெல்லாம் சரி, அழகு. ஆனா என்னை உலுக்குனது வேற. மேடையில ஒரு அம்மா மகன்கிட்ட காதோட காதா ரகசியம் சொல்லுதா மாதிரி ஒரு கட்டம். எனக்கு மராத்தி அரைகொறைதான், ஆனா அந்த மூச்சு வாங்குத சத்தம் வரைக்கும் மேல இருந்த எனக்கு கேட்டுச்சு. பக்கத்துல ஒரு தாத்தா கண்ணை மூடிக்கிட்டே உக்காந்திருந்தாரு, கேட்டாலே போதும்னு.

இப்ப ஊருக்கு வந்தாச்சு. நம்ம டவுண்ல ரத வீதிக்குப் பின்னால சந்துக்குள்ள ஒரு பழைய நாடகக் கொட்டகை உண்டு, டவுண்காரங்களுக்குத் தெரியும். இப்ப பந்தல் சாமான் குடோன். எங்க தாத்தா அங்க தரை டிக்கெட் எடுத்து விடிய விடிய நாடகம் பாத்தவரு. போன வாரம் கதவு இடுக்கு வழியா எட்டிப் பாத்தேன், மேடை அப்படியே இருக்கு, மேல பிளாஸ்டிக் சேரு அடுக்கி வச்சிருக்கு. இதைச் சீர் பண்ண முடியுமா, என்ன செய்யணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செங்கோட்டை பாசஞ்சர்:
அண்ணாச்சி, அந்த மூச்சு சத்தம்னு சொன்னீங்க பாத்தீங்களா, அங்கனயே நின்னுட்டேன்.

நாடகத்துல பாடி நடிச்ச எஸ்.ஜி. கிட்டப்பா எங்க செங்கோட்டைக்காரரு. 1906ல பொறந்து 1933ல போயிட்டாரு, 27 வயசு. மைக்கு கெடையாது, தகரக் கொட்டகை, ஆயிரம் பேரு, வெளிய வண்டி மாடு கத்துத சத்தம் வேற, அதுக்குள்ள கடைசி பெஞ்சு வரைக்கும் அந்தக் குரல் போயிருக்கு. எங்க பூட்டன் மாட்டு வண்டி கட்டிக்கிட்டு போயி கேட்டவரு, கொட்டகைக்குள்ள எடம் இல்லாம வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்து முழு நாடகமும் கேட்டேன்னு சாகுத வரைக்கும் சொல்லுவாராம். சங்கரதாஸ் சாமிகளும் நம்ம சீமைதான, காட்டுநாயக்கன்பட்டி, இன்னைக்கு தூத்துக்குடி மாவட்டம், அன்னைக்கு திருநெல்வேலி ஜில்லா. தமிழ் நாடகத்துக்கு தலைமை ஆசிரியர்னு சொல்லுதோம், அவரு பொறந்த சீமையில ஒரு நாடகம் போட உருப்படியா மேடை இருக்கானு தேடணும். நடராசருக்கு அஞ்சு சபைன்னா அதுல ரெண்டு நம்மகிட்ட, நெல்லையப்பர் கோயில்ல தாமிர சபை, குத்தாலத்துல சித்திர சபை. ஆடுத சாமிக்கு ரெண்டு சபை கட்டுன ஊரு, ஆடுத மனுசனுக்கு ஒண்ணைக் காப்பாத்தக் கூடாதா.

சுண்ணாம்பு மேஸ்திரி:
நான் பாளையங்கோட்டை. அப்பா காலத்துல இருந்து காரை வேலை. அந்தக் கொட்டகையை எனக்கு நல்லாத் தெரியும், சின்னப் பிள்ளையில அப்பா கூட ஒழுக்கு அடைக்கப் போயிருக்கேன்.

மொத விசயம், யாரும் சிமெண்டு மூட்டையோட உள்ள போயிராதீங்க. அது சுண்ணாம்புச் செவரு. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை வாங்கும் வெளிய விடும். அது மேல சிமெண்டு பூசுனா ஈரம் உள்ளயே நிக்கும், ரெண்டு மழைக்கு உப்பு பூத்து வரும், மூணாவது மழைக்கு பூச்சு பத்தை பத்தையா கழண்டு விழும், கூடவே உள்ள இருக்க செங்கலையும் அரிச்சுக்கிட்டு வரும். இது எத்தனை பழைய வீட்டுல நடந்திருக்கு தெரியுமா, பாத்துப் பாத்து மனசு விட்டுப்போச்சு.

செய்யுத முறை இருக்கு. சுட்ட சுண்ணாம்பை தண்ணியில போட்டு தாளிக்கணும், கொதிச்சு அடங்குனதும் குழியில ஊற வைக்கணும், எத்தனை நாள் ஊறுதோ அத்தனைக்கு நல்லது, வெண்ணெய் மாதிரி வரணும். மணல் சேத்து அரைக்கணும், அரைக்குதது முக்கியம், வெறும கொத்திக் கெளறுனா போதாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணி விட்டு அரைப்போம், கடுக்காய் தண்ணி புளிச்சு ஒரு வாடை அடிக்கும், அந்த வாடை வந்தாத்தான் எங்கப்பா கரண்டியையே தொடுவாரு. பூசிட்டு அவசரப்படப் பிடாது, மெல்லக் காயணும், வெயிலு நேரா அடிச்சா வெடிச்சுரும், ஈரச் சாக்கு கட்டி விடணும்.

மேல தளம் தேக்கு உத்தரத்துக்கு மேல சின்னச் செங்கலை நிறுத்தி வச்சு சுண்ணாம்புல ஒட்டுன மெட்ராஸ் டெரஸ். உத்தரம் செவத்துக்குள்ள போற முனைதான் மொதல்ல மக்கும், அதைத் தட்டிப் பாத்தா சத்தத்துலயே தெரிஞ்சுரும், நல்ல மரம் கணீர்னு சொல்லும், மக்குனது பொதபொதன்னு சொல்லும். அதைப் பாக்காம பெயிண்டு அடிக்கிறது எல்லாம் வேஸ்டு.

நேராக் கேக்கேன்:
யாரும் கோவிச்சுக்கிடாதீங்க. அந்த ஆப்பரா ஹவுஸ் ராஜா வீட்டு சொத்து. அவுக குடும்பம் நெனைச்சுது, காசு இருந்துது, செஞ்சாவ. நம்ம கொட்டகைக்கு எத்தனை பங்காளி, எத்தனை கேஸு, யாருக்குத் தெரியும்? அப்படியே திறந்தாலும் யாரு வருவா? ஜங்ஷன்ல இருந்து டவுண் வரைக்கும் இருந்த தியேட்டர்ல எத்தனை இன்னைக்கு கல்யாண மண்டபம், எத்தனை வெறும் மனை. படம் பாக்கவே ஆளு வராத காலத்துல நாடகத்துக்கா வரப்போறான். அந்தக் காசுல ரெண்டு ஸ்கூலுக்கு கக்கூஸ் கட்டலாம். மனசுல பட்டதைச் சொல்லுதேன்.

சலங்கை டீச்சர்:
மேல எழுதுன தம்பிக்கு பதில் சொல்லணும்னுதான் வந்தேன். கக்கூஸ்னு சரியான விசயத்தைத்தான் தொட்டிருக்கீங்க, ஆனா அது கொட்டகைக்கும் வேணும்.

நான் முப்பது வருசமா பிள்ளைகளுக்கு பரதம் சொல்லிக் குடுக்கேன். எங்க மாதிரி ஆளுக எங்க போயி அரங்கேற்றம் வைக்கோம்னு நெனைக்கீங்க? கல்யாண மண்டபத்துல. பந்தி நடக்குத ஹால் பக்கத்துல சாம்பார் வாடையில. மேடை முழுக்க வழவழன்னு டைல்ஸ், கீழ சிமெண்டு. ஒன்பது வயசுப் பிள்ளை முட்டியை மடக்கி அரைமண்டியில இருந்து தட்டும்போது அந்த அதிர்ச்சி பூரா முட்டிக்குத்தான் போகும். மரப் பலகை மேடைன்னா பலகை கொஞ்சம் வாங்கிக்கிடும், கீழ காலியா இருக்குததுனால சலங்கை சத்தமும் கொடம் மாதிரி நின்னு பேசும். எனக்கு இப்ப ரெண்டு முட்டியும் போச்சு, டாக்டர் ஆடாதீங்கன்னுட்டாரு, எல்லாம் டைல்ஸ் மேடை குடுத்த சொத்து.

நம்ம பக்கத்துல ஒரு அரங்கத்தை சில வருசத்துக்கு முன்னால புதுப்பிச்சாவ, பேரு வேண்டாம். ஏசி போட்டாச்சு, சிவப்பு சோபா சீட்டு போட்டாச்சு, தட்டையா ஜிப்சம் சீலிங், ரெண்டு பக்கமும் பளபளன்னு பலகை. நான் உள்ள போயி மேடையில நின்னு ஒரு கைதட்டு தட்டுனேன், டர்ர்ர்ருனு திரும்பி வருது. நட்டுவாங்கத்துல தாளம் தட்டுனா தட்டுனது எது எதிரொலி எதுன்னு பிள்ளைகளுக்குப் புரியல, ரெண்டாவது ஜதியிலயே கால் தடுமாறிப்போச்சு. பொம்பளைப் பிள்ளைக ட்ரெஸ் மாத்துததுக்கு ஒரே ஒரு ரூம், தாழ்ப்பாள் இல்ல, பாத்ரூம் போகணும்னா அலங்காரத்தோட ஆடியன்ஸ் நடுவுல நடந்து போகணும். திறப்பு விழாவுக்கு வந்த யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டாவ.

அதனால தாராவி தம்பி, கொட்டகையை சீர் பண்ணப் போறீங்கன்னா முன்னால இருந்து ஆரம்பிக்காதீங்க. மேடைக்குப் பின்னால இருந்து ஆரம்பிங்க.

மகுடம்:
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க கதையையும் கேளுங்க.

எங்கய்யா கணியான் கூத்து அண்ணாவி. நான் இப்ப மகுடம்ங்கிற தோல் மேளம் அடிக்கேன். தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், எங்க செட்டுல அண்ணாவி பாடுவாரு, பின்பாட்டுக்கு ஆளு, மகுடம் ரெண்டு, ஒண்ணு உச்சம் ஒண்ணு மந்தம், பொம்பளை வேசம் கட்டி ஆடுத ஆம்பளை ரெண்டு பேரு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ராத்திரி பூரா பாட்டு. பால கந்தர்வாவும் பொம்பளை வேசம் கட்டுன ஆம்பளைதானே? அவரைக் கொண்டாடுதாவ, சந்தோசம், எங்க ஆட்டக்காரனுக்கு பகல்ல டீக்கடையில என்ன பேச்சு கெடைக்கும்னு நான் சொல்ல வேண்டாம்.

ஒருக்க ஒரு விழாவுக்கு ஏசி ஹாலுக்கு கூப்பிட்டாவ. மகுடம் தோலு. ஏசியில குளிந்து நமத்து தொளதொளன்னு ஆயிரும். அதை நெருப்புல காட்டி சூடேத்துனாத்தான் சுருதி நிக்கும். கொடையில ஓலையைக் கொளுத்திக் காட்டுவோம், சாமியாடுததுக்கு முந்தி அந்த நெருப்பு வெளிச்சத்தைப் பாத்தே சனம் எந்திச்சு உக்காரும். ஹால்ல நெருப்பு கூடாதுன்னுட்டாவ, சரி வெளிய போயி காச்சிட்டு வாரோம்னா செக்யூரிட்டி கதவைத் திறக்க மாட்டேங்கான். கடைசியில டீ போடுத ஸ்டவ்வுல காச்சுனேன். மேடையேறி பத்து நிமிசத்துல மந்தம் திரும்ப படுத்துருச்சு. எங்கய்யா பாடிக்கிட்டே என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. அதை நான் மறக்க மாட்டேன்.

கொட்டகை திறந்தா பின்னால ஒரு முற்றம் வேணும், மண்ணு தரை, நெருப்பு போட. இது என் ஒரே கோரிக்கை.

தாராவி ரிட்டர்ன்:
மகுடம் தம்பி, அந்தக் கொட்டகைக்குப் பின்னால முற்றம் இருக்கு. கெணறும் இருக்கு. இப்ப அங்க சவுக்குக் கம்பு போட்டு வச்சிருக்காவ.

நேராக் கேக்கேன் அண்ணனுக்கு. ராஜா வீட்டு காசுன்னு சொன்னது நெசந்தான். ஆனா அதே கட்டடத்துல நாடகம் போட்ட பிருத்விராஜ் கபூர் நாடகம் முடிஞ்சதும் தலையைக் குனிஞ்சு வாசல்ல துணியை ஏந்தி நிப்பாராம், சனம் வெளிய போகும்போது அதுல காசு போடும், அதுல கம்பெனி ஓடுச்சு. ராஜா வாங்குததுக்கு முந்தியும் நாலணா எட்டணா போட்ட சனந்தான் அந்த மேடையை தாங்கிச்சு. இன்னொண்ணு, 1993ல மூடுனாவ, உடனே இடிச்சு பில்டிங் கட்டியிருந்தா அந்த எடத்துக்கு எத்தனை கோடி வந்திருக்கும், வைரக்காரங்க ஏரியா அது. கையைக் கட்டிக்கிட்டு பொறுத்திருந்ததே பெரிய காரியம்னு நெனைக்கேன். நம்ம கொட்டகையும் குடோனா ஆனதுனாலதான் இடியாம தப்பிச்சிருக்கு. பந்தல்காரரு ஒழுகாம இருக்க மேல தார்பாய் போட்டிருக்காரு, அவருக்கு புண்ணியம்.

குறுக்குத்துறை:
ரிட்டயர்டு ஆளு, டைப் பண்ண நேரமாகும், தப்பிருந்தா மன்னிக்கணும்.

நம்ம கூட்டத்துல வாடகையைப் பத்தி யாரும் பேசல. நான் சின்ன வயசுல கச்சேரி கமிட்டி வேலையெல்லாம் பாத்தவன். காருகுறிச்சியார் நாகஸ்வரம்னா சுத்துப்பட்டு பூரா வந்து ரோட்டுலயே உக்காரும், அவரு 1964ல காலமாயிட்டாரு, அப்ப எனக்குப் பதிமூணு வயசு, அப்பா தோள்ல துண்டு போட்டு அழுதது நெனைவிருக்கு. அன்னைக்கெல்லாம் கோயில் வாசல், ரதவீதி முக்கு, காசே கெடையாது. இன்னைக்கு ஹால் வாடகை, ஜெனரேட்டருக்கு தனி, சவுண்டுக்கு தனி, கிளீனிங்குக்கு தனி, ஒரு ஸ்கூல் வாத்தியாரு பிள்ளைகளை வச்சு ஒரு நாடகம் போடணும்னா வீட்டு நகையை அடகு வைக்கணும். சீர் பண்ணி திறந்த கட்டடம் எத்தனையோ இப்படித்தான் மறுபடி பூட்டிக் கெடக்கு, கரண்டு பில்லு கட்ட வழியில்லாம.

திருவனந்தபுரத்துல ஒரு ஹால் உண்டு, விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால்னு 1896ல கட்டுனது, இப்ப அய்யங்காளி ஹால்னு பேரு மாத்தியாச்சு. அங்க புத்தக வெளியீடு, கூட்டம், கண்காட்சின்னு ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும், சாயந்தரம் சும்மா போற ஆளும் உள்ள நொழைஞ்சு பாத்துட்டு வருவான். அந்த மாதிரி தெனமும் கதவு திறந்திருக்கணும். காலையில பிள்ளைக பாட்டு கிளாஸ், மத்தியானம் வில்லுப்பாட்டு ஒத்திகை, சாயந்தரம் யாராவது பேசுதது. மாசத்துக்கு நாலு நாளாவது உள்ளூர்க் கலைஞனுக்கு வாடகை இல்லாம குடுக்கணும்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சிரணும், பெறவு பாத்துக்கிடலாம்னா நடக்காது. அப்புறம் ஒம்பதரைக்கெல்லாம் நிகழ்ச்சி முடியணும், கடைசி டவுண் பஸ்ஸை விட்டா மேலப்பாளையத்துக்காரன் எப்படி வீடு போவான்.

சலங்கை டீச்சர்:
ஐயா பஸ்ஸைப் பத்திப் பேசுனதுக்கு கோடி நமஸ்காரம். பொம்பளைப் பிள்ளைகளோட அம்மாமாரு கேக்குத மொத கேள்வியே அதுதான்.

செங்கோட்டை பாசஞ்சர்:
மேஸ்திரி அண்ணாச்சிட்ட ஒரு கேள்வி. கொட்டகையில மேல தளம் வளைவா தட்டையா? சத்தம் அங்க எப்படி இருக்கும்?

சுண்ணாம்பு மேஸ்திரி:
மேடைக்கு மேல மட்டும் வளைவு இருக்கு தம்பி, சனம் உக்காருத பக்கம் தட்டைதான். ஆனா உத்தரம் வரிசையா எறங்கி நிக்கிறதுனால சத்தம் நேரா அடிச்சு திரும்பாது, உடைஞ்சு உடைஞ்சு போகும். சுண்ணாம்புப் பூச்சும் சிமெண்டு மாதிரி கல்லா இருக்காது. சின்னப் பிள்ளையில நான் மேடையில நின்னு அப்பாவைக் கூப்பிட்டேன், அப்பா கடைசி தூணுகிட்ட ஏணி மேல இருந்தாரு. கத்தாத லே, கேக்குதுன்னாரு. நான் கத்தவே இல்ல.

நேராக் கேக்கேன்:
இவ்வளவு பேரு எழுதுனதைப் படிச்சாச்சு. டீச்சர் முட்டி விசயமும் மகுடம் தம்பி ஸ்டவ்வு விசயமும் ராத்திரி தூங்க விடல. எனக்குத் தெரிஞ்சது சொத்துப் பத்திரம், பத்திர ஆபீஸ் பக்கம் இருவது வருசம் பொழப்பு ஓட்டுனவன். முதல்ல வில்லங்கம் போட்டுப் பாப்போம், யாரு பேருல இருக்கு, அடமானம் இருக்கா, கேஸ் இருக்கானு. சர்வே நம்பர் கெடைச்சா ஒரு வாரத்துல சொல்லிருதேன். அது தெரியாம பெட்டிசன் எழுதுனா குப்பைக்குத்தான் போகும்.

தாராவி ரிட்டர்ன்:
அண்ணே கையைக் குடுங்க. சர்வே நம்பர் பந்தல்காரரு வாடகை அக்ரிமெண்டுல இருக்கும், நான் வாங்கித் தாரேன். அவருட்ட இன்னைக்கு காலையில பேசிட்டேன், ஞாயித்துக்கெழம முகூர்த்தம் இல்ல, சேரு பாதி இங்கயே கெடக்கும், வந்து பாத்துக்கிடுங்கன்னு சொன்னாரு. காலையில ஏழு மணி. மேஸ்திரி அண்ணாச்சி, உத்தர முனையைத் தட்டிப் பாக்க வரணும்.

சுண்ணாம்பு மேஸ்திரி:
வாரேன். இருவதடி ஏணி என்கிட்ட இருக்கு, லோடு ஆட்டோவுல கொண்டாந்துருதேன். கரண்டு இருக்காது, நல்ல டார்ச்சு ரெண்டு எடுத்துக்கிடுங்க. உத்தரத்துக்கு மேல தேன்கூடு இருந்தா மொதல்லயே பாத்துச் சொல்லுங்க.

குறுக்குத்துறை:
எனக்கு ஏணி ஏற முடியாது. கீழ நின்னு எழுதிக்கிடுதேன், நோட்டு கொண்டு வாரேன்.

மகுடம்:
எங்கய்யாவும் வாராராம். எழுவத்தாறு வயசு, மேடையில நின்னு ஒரு விருத்தம் பாடிப் பாக்கணும்னு நேத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு. மகுடமும் எடுத்தாரேன், முற்றத்துல கொஞ்சம் ஓலை மட்டும் போட்டு வைங்க.

சலங்கை டீச்சர்:
நான் கடைசி தூணுகிட்ட உக்காந்துக்கிடுதேன், எனக்கு ஒரு சேரு மட்டும் எறக்கி வச்சிருங்க தம்பி.